கிளீனர் பக்கத்துக் கண்ணாடியை இந்த வாரமே சரிசெய்யுங்கள்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் காக்களூர் தொழிற்பேட்டைக்கும் நாள்தோறும் வண்டி ஓட்டுகிறவர்களே, அந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்குகளே, உங்களிடம்தான் பேசுகிறேன். உங்கள் காரில் கிளீனர் பக்கத்து, அதாவது இடப்பக்கத்து சைடு மிரர், ஸ்விட்சை அழுத்தினால் அசைகிறதா? அசையவில்லை என்றால் இந்த வாரம் முடிவதற்குள் சரிசெய்துவிடுங்கள். 'ஏதோ தெரிகிறது, போதும்' என்று ஓட்டிக்கொண்டிருக்காதீர்கள்.

வலப்பக்க மிரர் கெட்டால் ஜன்னலை இறக்கிக் கையால் திருப்பிக்கொள்ளலாம். இடப்பக்கத்துக்குக் கை எட்டாது. லாரியில் கிளீனர் இருந்தால் பாடியைத் தட்டி எச்சரிப்பார். காரில் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. ஆனால் நம் சாலைகளில் பாவப்பட்ட ஜனம் வருவது அந்தப் பக்கம்தான். ஷிப்டு விடும் நேரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து சர்வீஸ் ரோட்டுக்கு இடப்புறம் ஒடித்துப் பாருங்கள். சைக்கிளில் வருகிறவர், பைக்கில் மூன்று பேராக வருகிறவர், ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து எட்டு மணி நேரம் உலைக்கருகில் நின்றுவிட்டு அறைக்கு நடந்து திரும்புகிறவர் எல்லோரும் உங்கள் இடது தோளுக்குப் பின்னால்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரும்புக் கூடும் இல்லை, சீட் பெல்ட்டும் இல்லை. உங்கள் கண்ணாடி காட்டினால்தான் அவர்கள் இருப்பதே உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். கம்பெனி கேப் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. பகலில் ஒருவர், இரவில் ஒருவர். ஒருவர் உயரம், மற்றவர் குட்டை. ஒருவருக்குச் சரியாக இருக்கும் கோணம் அடுத்தவருக்கு வானத்தைக் காட்டும், அல்லது கதவுக் கைப்பிடியைக் காட்டும். மோட்டார் வைத்ததே இதற்காகத்தான். கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டி 'இனி ஆடாது' என்று கொடுக்கிறார்களே, அது பழுதுபார்த்தல் ஆகாது. இரவு ஓட்டுகிறவரின் ஒரு கண்ணைக் கட்டி அனுப்புகிற வேலை. அதைச் செய்யாதீர்கள், செய்யவும் சொல்லாதீர்கள்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்கப் பொறுமைதான் வேண்டும். முதலில் இடம் வலம் தேர்வுசெய்யும் குமிழைப் பாருங்கள். அது நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் அசையாது. பிறகு இக்னிஷனைப் போட்டு, இடப்பக்கம் தேர்ந்து, ஸ்விட்சை அழுத்திக் காதுகொடுத்துக் கேளுங்கள். மோட்டார் ஓடும் சத்தம் வந்தும் கண்ணாடி அசையவில்லை என்றால் மின்சாரத்தில் குறையில்லை. உள்ளே பிளாஸ்டிக் பல்சக்கரம் தேய்ந்திருக்கும், இல்லையேல் கண்ணாடி கிளிப்பிலிருந்து கழன்றிருக்கும். இரண்டு பக்கமும் சத்தமே இல்லையா? ஃபியூஸையும் ஸ்விட்சையும் பாருங்கள். மேலும் கீழும் போகிறது, பக்கவாட்டில் மட்டும் போகவில்லையா? கண்ணாடிக்குப் பின்னால் திசைக்கு ஒன்றாக இரண்டு சின்ன மோட்டார்கள் உண்டு. அவற்றில் ஒன்றோ அதன் ஒயரோ போயிருக்கிறது.

கதவுக்கும் பாடிக்கும் நடுவே மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் குழாயைக் கழற்றிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒயர்கள் அதற்குள் மடங்கி நிமிர்கின்றன. மேலுறை நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். மிரர் சாக்கெட்டில் மல்டிமீட்டரை வைத்து ஸ்விட்சை அழுத்துங்கள். ஒரு திசைக்குச் சுமார் 12 வோல்ட் காட்ட வேண்டும், எதிர்த்திசைக்கு அழுத்தினால் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாற வேண்டும். இரண்டும் ஒழுங்காக வந்தால் மோட்டார் பக்கம் போங்கள். வராவிட்டால் மோட்டாரைத் தொடாதீர்கள், ஒயரைத் தேடுங்கள். புதிய மாடல்கள் சிலவற்றில் நடுவே கண்ட்ரோல் யூனிட் இருக்கும், அங்கே ஸ்கேனர் இல்லாமல் ஊகிக்கக் கூடாது. அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் மறுபடி அறும். வளைந்து கொடுக்கும் ஒயரைச் சேர்த்து, மடிப்புக்கு வெளியே சால்டர் வைத்து, ஸ்லீவ் போடுங்கள். ஃபியூஸ் போனால் அதே ஆம்பியரில்தான் மாற்ற வேண்டும்.

மெக்கானிக் தம்பிகளே, இங்கேதான் உங்கள் நேர்மைக்குச் சோதனை. அறுந்தது ஓர் ஒயர் என்று தெரிந்தும் 'முழு செட்டையும் மாற்றணும்' என்று சொல்லாதீர்கள். செலவைக் கேட்டு மலைத்துப்போகிற டிரைவர் என்ன செய்வார்? அடுத்த மாதம் பார்க்கலாம் என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போவார். நீங்கள் கூட்டிச் சொன்ன தொகை சாலையில் ஒரு கண்ணாடியைக் குருடாகவே வைத்திருக்கும். கார் வேலை இந்தத் திருவள்ளூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. திருவள்ளூருக்கு அருகே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998-இலேயே மிட்சுபிஷி லான்சர் வெளிவந்தது. கார்களையே பூட்டிய ஊரில் ஓர் ஒயரைத் தேடிப்பிடிக்க முடியாதா? முடியும். மனசு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வண்டிகளுக்குப் பொறுப்பான மேற்பார்வையாளர்களே, 'மிரர் வேலை செய்யவில்லை' என்று டிரைவர் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். டிரிப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள், சரியாகும்வரை வேறு வண்டி கொடுங்கள். சொன்னவரை அலைக்கழித்தால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார்.

சரிசெய்தபின் சீட்டில் நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையில் உட்கார்ந்து கோணம் வையுங்கள். உங்கள் காரின் ஓரம் கண்ணாடியின் உள்விளிம்பில் கீற்றாகத் தெரிந்தால் போதும். இடப்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் குவிந்தது, பின்னால் வருகிறவரை உள்ளதைவிடத் தள்ளிக் காட்டும் என்பதை மறக்காதீர்கள். நண்பர் ஒருவரைப் பின்னாலிருந்து இடப்பக்கமாக நடந்துவரச் சொல்லுங்கள். எந்த இடத்தில் அவர் கண்ணாடியிலிருந்து மறைகிறாரோ, ஒவ்வொரு முறை இடப்புறம் ஒடிக்கும் முன்பும் அந்த இடத்தைக் கழுத்தைத் திருப்பிப் பாருங்கள்.