காரணம் உண்டு, கணக்கு இல்லை

எங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போகும் இணைய அழைப்புகள் மூன்று கேரியர்கள் வழியாகப் பிரிகின்றன. பிரித்து அனுப்புவது கமாய்லியோ என்ற அழைப்பு சர்வரின் டிஸ்பேட்சர். விற்பனைப் பிரிவில் சிலருக்கு மட்டும் எப்போதும் குரல் உடைந்தே கேட்கும். அவர்களில் ஒரு பெண் ஹெட்செட் மாற்றினார், இருக்கை மாற்றினார். கடைசியில், "போன ஜென்மத்துப் பாவம் சார்" என்று சிரித்துவிட்டார்.

டிஸ்பேட்சரில் இருந்தது அல்காரிதம் 1. அழைப்பவரின் முகவரியை ஹாஷ் செய்து, கிடைக்கும் எண்ணை வைத்துக் கேரியரைத் தேர்வு செய்யும் முறை. முகவரி மாறாதவரை வழியும் மாறாது. அவருக்கு விழுந்தது இரண்டாவது கேரியர். பாக்கெட் இழப்பு அங்கேதான். சர்வர் அடிக்கடி ஆப்ஷன்ஸ் என்ற செய்தி அனுப்பி நலம் விசாரிக்கும், கேரியரும் தவறாமல் 200 என்று பதில் தரும். குரல் ஆர்டிபி வழியே தனியாகப் போவதால் அதன் சீக்கு இந்த விசாரிப்பில் தெரியாது.

துன்பம் என்றால் அதற்குரிய செயல் எங்கோ இருந்தாக வேண்டும் என்பது வினைக் கொள்கை. ஹாஷிலும் காரணம் இருக்கிறது, ஓர் எழுத்துகூடப் பிசகாத காரணம். ஆனால் அந்தப் பெண் செய்த எதுவும் அதில் சேரவில்லை. மகாவீரர், புத்தர் காலத்து ஆசீவக ஆசிரியர் மற்கலி கோசாலர் சொன்ன நியதி ஏறக்குறைய இதுதான்: எல்லாம் நிர்ணயமானது, யாருடைய செயலும் அதை மாற்றாது. செயலுக்குப் பலனில்லையென்றால் அறம் எதற்கு என்று சமணரும் பௌத்தரும் ஆசீவகர்மீது பாய்ந்ததில் நியாயம் உண்டு. ஆனாலும் நான் மற்கலியோடு பாதி தூரம் போவேன். மீதிப் பாதியில் தடுப்பது கான்ஃபிக் கோப்பு. இந்த நியதியை ரூட் பாஸ்வேர்டு உள்ள எவரும் திருத்தலாம்.

மேலாளர் அல்காரிதம் 4 கேட்டார். அழைப்புக்கு அழைப்பு முறைவைத்து மூன்று கேரியருக்கும் போகும். உடைந்த குரல் எல்லோருக்கும் அவ்வப்போது வரும், புகார் அடங்கிவிடும். பார்க்க நியாயமாகத்தான் இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. துன்பம் சிலர்மேலேயே குவிந்ததால்தான் அது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தது. நூறு பேருக்குத் தூவிவிட்டால் 'நெட் சரியில்லை' என்று முடித்துக்கொள்வார்கள், கேரியர் தப்பித்துவிடும். அந்தக் கேரியரை நிறுத்திவைக்கவும் வழியில்லை, மற்ற இரண்டில் அத்தனை சேனல் கிடையாது.

பாக்கெட் பதிவுகளைக் காட்டிக் கேரியரைச் சரிசெய்ய வைக்கும்வரை 1 இருக்கட்டும் என்றேன். அதுவரை அந்தச் சிலர்தான் அவதிப்பட வேண்டும். அவர்களைக் கேட்காமல் இதைச் செய்யக்கூடாது என்று போய்க் கேட்டேன். இருவர் மறுத்தார்கள், அவர்கள் இருவரையும் மட்டும் முதல் கேரியருக்கு மாற்றிக் கொடுத்தேன்.