படிக்காமல் தீர்ப்பளிக்கலாமா?

ஒரு பல்கலைக்கழகம் தன் சிறந்த ஆய்வாளருக்கு விருது வழங்க முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். உயிர்வேதியியலர், கணித அறிஞர், கல்வெட்டு ஆய்வாளர் என மூவர் இறுதிச் சுற்றில் இருக்கிறார்கள். மூன்று துறைகளையும் அறிந்தவர் தேர்வுக்குழுவில் எவரும் இல்லை. ஆனால் ஒவ்வொருவரின் எழுத்தையும் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்ற கணக்கு கையில் இருக்கிறது. எண் கூடுதலாக உள்ளவரைத் தேர்ந்தெடுத்துவிட்டுக் கலைந்து செல்வது அறமாகுமா?

எண்ணின் பக்கமும் நியாயம் உண்டு. அது வருவதற்கு முன் தேர்வுகள் தூய்மையாக நடந்தன என்று சொல்லிவிட முடியாது. யாருடைய மாணவர், எந்தச் சாதி, யாருடைய சிபாரிசு என்பவையெல்லாம் தகுதியை முந்திக்கொண்டு நின்றதுண்டு. சிறு ஊர்க் கல்லூரியில் ஆதரிக்க ஆளின்றி உழைக்கும் ஒருவருக்கு, முகமறியாத ஆய்வாளர்கள் தன் கட்டுரையைப் பயன்படுத்தியதைக் காட்டும் கணக்கு பெரிய பாதுகாப்பு. அதை ஒதுக்கச் சொல்பவர்கள் அதற்கு ஈடாக எதைத் தரப்போகிறார்கள் என்றும் சொல்லியாக வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு எதற்காகப் பிறந்தது என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபோது, ஒரு கருத்தைப் பின்னால் யார் ஏற்றார்கள், யார் மறுத்தார்கள் என்று தேடிப் பிடிக்க உதவுவதே முதன்மை நோக்கமாக இருந்தது. ஆய்வாளரை ஒற்றை எண்ணால் அளக்கும் எச்-குறியீட்டை இயற்பியலர் ஹோர்கே ஹிர்ஷ் முன்வைத்தது 2005இல்தான். ஒருவரின் 20 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அவருடைய குறியீடு குறைந்தது 20. குறியீட்டை முன்வைத்த கட்டுரையில் ஹிர்ஷ் தந்த கணக்கின்படி இயற்பியலர் எட்வர்ட் விட்டனுக்கு 110. நரம்பியல் ஆய்வாளர் சாலமன் ஸ்னைடருக்கு 191. இதனால் ஸ்னைடரே பெரிய அறிஞர் என்று ஹிர்ஷ் சொல்லவில்லை. துறைக்குத் துறை எண் மாறும் என்றே எச்சரித்தார்.

காரணம் எளிது. மருத்துவ, உயிரியல் துறைகளில் ஆய்வாளர்கள் மிகுதி, ஒரு கட்டுரைக்குப் பலர் ஆசிரியர்கள், மேற்கோள் பட்டியல்களும் நீளம். கணிதத்தில் ஒருவரோ இருவரோ எழுதுவார்கள். அந்த ஆய்வின் பயன் தெரியப் பல ஆண்டுகள் ஆகலாம். வரலாறும் இலக்கியமும் பெரும்பாலும் நூல்களில் வாழ்பவை. தமிழில் எழுதிய கல்வெட்டு நூலை இன்னொரு தமிழ் நூல் எடுத்தாண்டால், அது ஸ்கோபஸ் போன்ற தரவுத்தளங்களில் பதிவாவதே அரிது.

துறைச் சராசரியோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். அது ஓரளவு உதவும். ஆனால் ஏன் மேற்கோள் காட்டினார்கள் என்பதை எந்தச் சராசரியும் சொல்லாது. தடுப்பூசியை ஆட்டிசத்தோடு முடிச்சுப்போட்ட 1998ஆம் ஆண்டின் லான்செட் கட்டுரை 2010இல் திரும்பப் பெறப்பட்டது. அதை எடுத்துக்காட்டியவர்களில் மிகப் பலர் மறுப்பதற்காகவே எடுத்துக்காட்டினர். கணக்கேட்டில் மறுப்பும் பாராட்டும் ஒன்றுதான். மறுபுறம், 2013இல் நோபல் பரிசு பெற்ற பீட்டர் ஹிக்ஸ், 1964இன் புகழ்பெற்ற ஆய்வுக்குப் பிறகு எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இன்றைய நிலையில் தமக்குப் பல்கலைக்கழக வேலையே கிடைத்திருக்காது என்று அவரே சொன்னார்.

எண்ணில் சம்பளமும் பதவியும் தொங்கும்போது எண்ணையே பயிர்செய்யத் தொடங்குகிறார்கள். ஓர் ஆய்வைத் துண்டு துண்டாக்கி வெளியிடுவது, தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது, நண்பர்களுக்குள் முறைவைத்துக் காட்டிக்கொள்வது எல்லாம் இப்படி வந்தவை. செய்பவர் குற்றவாளிதான், ஆனால் அந்த விதியை வகுத்தவருக்கும் அதில் பங்குண்டு. கட்டுரை எண்ணிக்கைக்குப் பணப்பரிசு தரும் வழக்கத்தைச் சீனா 2020இல் தடைசெய்யப் புறப்பட்டது இந்தப் பொறுப்பை உணர்ந்துதான்.

ஆகவே எண்ணைப் பார்ப்பது தவறில்லை. படிக்கும் கடமையிலிருந்து தப்பிக்க அதைப் பயன்படுத்துவதே தவறு. அப்போது தீர்ப்பு இருக்கும். அதற்குப் பதில் சொல்ல ஆள் இருக்காது. மாறாக, விண்ணப்பதாரர் ஒவ்வொருவரும் தம் சிறந்த படைப்புகள் மூன்றைத் தரட்டும். அந்தந்தத் துறை அறிந்த வெளியாட்கள் அவற்றைப் படித்து, விண்ணப்பதாரரோடு தமக்குள்ள உறவையும் வெளிப்படுத்தி, பெயரிட்டுக் கருத்தெழுதட்டும். எண் மிகையாகவோ குறைவாகவோ இருந்தால் ஏன் என்று கேட்க அது உதவட்டும். இதனால் பழைய சிபாரிசு திரும்புமோ என்று அஞ்ச வேண்டாம்; சிபாரிசு வளர்வது வாய்மொழியில். எழுதிய காரணத்தை எவரும் சோதிக்கலாம்.

இதற்கு நேரமும் செலவும் ஆகும். அவற்றைத் தர இயலாத நிறுவனம், துறைகளை ஒன்றோடொன்று மோதவிடாமல் தனித்தனியே பாராட்டலாம். எப்படியானாலும், தேர்வாகாதவருக்குக் காரணம் எழுத்தில் கிடைக்க வேண்டும். அதை மறுத்து வாதிட அவருக்கு வழியும் இருக்க வேண்டும்.