பறவை கற்றுத் தரும் தவக்குல்



"எல்லாம் அல்லாஹ் பார்த்துக் கொள்வான்" என்று சொல்லிவிட்டுத் திண்ணையில் சாய்ந்து கொள்வதைத் தவக்குல் என்று நினைப்பவர்கள் நம்மிடையே உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோ தவக்குலுக்கு உதாரணமாகப் பறவையைக் காட்டினார்கள். காலையில் அது பசியோடு புறப்படுகிறது. மாலையில் வயிறு நிறைந்து திரும்புகிறது. திர்மிதீயில் வரும் ஹதீஸின் கருத்து இது. "புறப்படுகிறது" என்பதைக் கவனியுங்கள். கூட்டில் கிடந்த பறவையைத் தேடி இரை வந்ததாக அதில் இல்லை.

இதைக் கண்ணால் காண விரும்புவோர் மார்கழி, தை மாதங்களில் திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்துக்குச் சென்று பாருங்கள். வயல் சூழ்ந்த சமவெளிக் கிராமம். சுப்ஹு தொழுதுவிட்டுக் கரையில் நின்றால், நீரில் வரித்தலை வாத்துகள் ஓய்ந்திருக்கும். வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கருங்கோடுகள் இருப்பது அவற்றின் அடையாளம்.

இவை மங்கோலியா, திபெத், லடாக் பகுதிகளின் ஏரிக்கரைகளில் குஞ்சு பொரிப்பவை. குளிர் இறுகுமுன் கிளம்பி, இமயமலையைக் கடந்து தெற்கே வருகின்றன. 7,290 மீட்டர் உயரத்தில் இவ்வினம் பறந்ததை ஆராய்ச்சியாளர்கள் கருவி பொருத்திக் கண்டறிந்துள்ளனர். அந்த உயரத்தில் கிடைக்கும் பிராணவாயு, கடல்மட்டத்தில் கிடைப்பதில் பாதிகூட இல்லை. ஆனாலும் இவ்வாத்து விடாமல் சிறகடித்தே மலையேறுகிறது. பிராணவாயுவை இறுகப் பற்றும் தன்மையை அதன் இரத்தத்தில் வைத்தான் இறைவன். சக்தி அவன் கொடை. சிறகடிப்பது பறவையின் கடமை. இதுவே தவக்குல்! நம் வீடுகளில் இரவில் ஓதப்படும் தபாரக் சூராவின் 19-ஆம் வசனம் பறவைகளைப் பார்க்கச் சொல்வது இத்தகைய சிந்தனைக்காகத்தானே?

இத்தனை தூரம் அல்லாஹ்வை நம்பி வந்த உயிர், நம் ஊர்க் குளத்தில் இறங்கியதும் வலையில் சிக்கலாமா? "வாத்துக் கறி ஹலால்தானே" என்று சில இளைஞர்கள் வாதிடலாம். இறைச்சி ஹலால் என்பது விளையாட்டுக்காக உயிரைப் பறிக்கும் உரிமைச் சீட்டு அல்ல. மேலும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இவ்வேட்டையைத் தடுக்கிறது. ஒரு பயணத்தில் தோழர்கள் சிலர் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை பரிதவித்துச் சிறகடித்தது. அதைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார்கள் என அபூதாவூதில் காண்கிறோம்.

கூந்தன்குளம் மக்கள் பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. விருந்தினரைக் கண்ணியப்படுத்துவது ஈமானின் அடையாளம் என்று படித்த நாம் அவர்களுக்குப் பின்தங்கலாமா?

எனவே பெற்றோர்களே! விடுமுறையில் பிள்ளைகளை உங்கள் ஊர்க் குளக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சத்தமின்றித் தள்ளி நின்று பார்க்கப் பழக்குங்கள். கல்லெறிய ஓங்கும் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "சுப்ஹானல்லாஹ்" என்று சொல்லிக் கொடுங்கள். வீடு திரும்பியதும் அவரவர் வேலைக்குச் சுறுசுறுப்பாகக் கிளம்புங்கள்.

பறவையின் உழைப்பையும் உறுதியையும் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.