‘ஆயின்’ என்னும் வினா

வாதத்தின்கண் ‘இஃது இவ்வாறாயின் யாதாகும்?’ என ஒருவர் வினாவியவழி, ‘அஃது அவ்வாறன்று, ஆகலின் விடை கூறோம்’ என மறுத்தொழிவார் பலர். ஒன்றை ஆராய்ச்சியின்பொருட்டுக் கொள்ளுதலை, அதனை உடன்படுதலென மயங்குதல் இதற்கொரு காரணமாம்.

‘ஈண்டுத் தீ இல்லையாயின் புகையும் இல்லையாதல் வேண்டும்’ என்பது தருக்கம். திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் தமிழில் மொழிபெயர்த்தருளிய தருக்க சங்கிரகம், இதனை ஐயம் திரிபு என்பவற்றோடு ஒருங்கெண்ணி உண்மையல்லாத உணர்வின்பாற் படுக்கும். எனினும், இஃது அளவைக்குத் துணையாதலை நூலோர் விலக்கிற்றிலர். புகையைக் கண்டவன் தீயின்மையை உடன்பட்டானல்லன். அதனைக் கொண்டு நோக்கி, வருங் குற்றத்தால் தள்ளினான். ‘உடம்பே உயிராயின் பிணமும் அறிதல் வேண்டுமே’ என உலகாயதரை நாம் மறுப்பதும் இம்முறையே. சிவஞான சித்தியார் பரபக்கமும் புறச்சமயத்தார் கூற்றை முன்வைத்தே பின் மறுக்கும்.

‘முயலுக்குக் கொம்புளதாயின் அதன் நீளம் என்னை?’ என்பானுக்கு விடை கூறாமை குற்றமன்று. ஆயினும், அவ்வினா எடுத்த பொருளோடு இயைபின்மையைக் காட்டியே விடுத்தல் வேண்டும். காரணங் காட்டாது வாளா மறுப்பது, தன் கோள் தளருமோ என்னும் அச்சத்தாலாம். அவ்வச்சத்திற்கு வேர் ‘என் கோள்’ என்னும் முனைப்பே. பிறர்மேல் ‘ஆயின்’ எனத் தொடுக்கும் நாம், நம்மேல் அவர் தொடுக்குமிடத்து முகஞ்சுளித்தல் நடுவுநிலை ஆகாதென்க.