திரை விலகிய பின்

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரம் போய்ப் படித்தேன். தத்துவம் முதன்மைப் பாடம், தொடர்பியல் துணைப்பாடம். தொடர்பியலின் முதல் வகுப்பில், கிளாட் ஷானன் 1948-இல் தந்த மாதிரியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார்கள். செய்தி புறப்படும் இடம், அது செல்லும் தடம், குறுக்கிடும் இரைச்சல், போய்ச் சேரும் இடம்.

அன்று மாலை நடராசர் கோயிலுக்குப் போனேன். சிற்சபையில் தீட்சிதர் திரையை விலக்கினார். உள்ளே உருவம் ஏதுமில்லை. வெட்டவெளியின்முன் பொன் வில்வ மாலைகள் தொங்கின. பக்கத்தில் நின்ற பாட்டி கண்ணீர் விட்டார். அவருக்கு ஏதோ வந்து சேர்ந்துவிட்டது. எனக்குச் சேரவில்லை. சொல்லில் அடங்காத உண்மையை ஒருவர் இன்னொருவருக்குத் தர முடியுமா?

எங்கள் மாவட்டத்து வள்ளலாரிடம்தான் நான் விடை தேடினேன். வடலூரில் 1867-இல் அவர் பசித்தோர்க்குச் சோறிடும் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. சத்திய ஞான சபை எழுந்தது அதன்பிறகு, 1872-இல். தைப்பூசத்தன்று அங்கே ஏழு திரைகள் நீங்கிச் சோதி தெரிகிறது.

சோறு முதலில், சோதி பிறகு. இந்த வரிசையே எனக்கு விடையாகப் படுகிறது. பசித்தவன் காதில் பசியைவிடப் பெரிய இரைச்சல் இல்லை. உண்மையை நாம் ஊட்ட முடியாது. அதை மறைக்கும் திரைகளை ஒவ்வொன்றாக விலக்க முடியும். காண்பது அவரவர் கண். அந்தத் துணைப்பாடம்தான் என்னை முதன்மைப் பாடத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.