படிப்புச் செலவு யார் தலையில்?



“சமூகவியலோ சரித்திரமோ படித்தால் சம்பளம் வருமா?” என்று கேட்பது பேராசையா? அல்ல, விவேகம். ஆனால் கணக்கு முழுமையாயிருக்க வேண்டும்.

கல்லூரிக் கட்டணம் மாத்திரம் செலவல்ல. விடுதிச் செலவும், அந்த மூன்று வருஷம் வேலைக்குப் போயிருந்தால் வந்திருக்கும் கூலியும் செலவுதான். வங்கிக் கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருஷம்வரை தவணை கேட்கமாட்டார்கள்; வட்டியோ முதலிலிருந்தே ஏறும். வரவோ தாமதமாகவே வரும். பி.ஏ.வுக்குப்பின் பி.எட்., எம்.ஏ., அல்லது சர்க்கார் பரீட்சை என்று இன்னும் சில வருஷம் போகும்.

அப்படியானால் இப்படிப்பு வீணா? வீணல்ல. ஊரின் வறுமைக்குக் காரணம் என்னவென்று ஆராய்கிறவனுடைய பிரயோசனம் அவன் சம்பளத்தில் அடங்காது. அதற்காகக் குறைந்த ஊதியத்தை ஏற்பது மேலான தியாகம்.

ஆனால் தியாகம் செய்வது யார்? தன் வருமானத்தைக் குறைத்துக்கொள்கிறவன் தியாகி. தங்கையின் நகையை அடகுவைத்துத் தன் ஆசையை நிறைவேற்றுகிறவன் அவளுக்கு அநியாயம் செய்கிறான்.

சர்க்கார் கலைக் கல்லூரியில் கட்டணம் சொற்பம். சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு 2022-லும், பையன்களுக்கு 2024-லும் தமிழ்நாடு அரசு மாதம் 1,000 ரூபாய் உதவித் திட்டம் ஏற்படுத்தியது. முதலில் இவைகளை விசாரியுங்கள். பிறகு குடும்பமாய் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அங்கே தங்கையும் உட்காரட்டும்; அவள் சம்மதத்தையும் கேளுங்கள்.