சமயம் ஆளுடையதா, ஊருடையதா?

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஓர் ஆளை ஒன்றாகவே எண்ணுகிறது. நிலம் வைத்திருப்பவரும் ஒன்று, அந்த நிலத்தில் கூலிக்குப் போகிறவரும் ஒன்று. அதில் பெரிய அறம் இருக்கிறது. ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் (இவர்கள் கேரளத்தவர் அல்லர், தமிழ் பேசுகிறவர்கள்) பள்ளிக்கும் சாலைக்கும் இடஒதுக்கீட்டுக்கும் உரிமை கேட்பது அந்த எண்ணிக்கையை வைத்துத்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் மலையாளிகள். வயதும் எழுத்தறிவும் ஆளுக்கு உரியவை. ஆளாளாகக் கேட்டுக் கூட்டினால் உண்மை கிடைக்கும். சமயத்தையும் அதே படிவம் அப்படித்தான் கேட்கிறது. ‘இந்து’ என்று பதில் வருகிறது, கூட்டல் முடிகிறது. இங்கேதான் எனக்குத் தயக்கம். இம்மக்களின் வழிபாட்டை நடத்துவது தனி ஆள் அல்ல, ஊர். பெரியவர்கள் கூடி நாள் குறிக்கிறார்கள். வீட்டுக்கு இவ்வளவு என்று வரி பிரிக்கிறார்கள். தெய்வம் குறிப்பிட்ட மண்ணோடு கட்டுண்டது. காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் இதே மக்களுக்குச் சேர்வராயன் மலையில் சேர்வராயனும் கொல்லிமலையில் அறப்பளீஸ்வரரும் தெய்வங்கள். மலை மாறினால் சாமியும் மாறுகிறது. இதைச் சொல்லப் படிவத்தில் இடமில்லை.

அவர்களே இந்து என்று சொல்லும்போது நீ யார் மறுக்க என்று கேட்கலாம். நான் மறுக்கவில்லை; அவர்கள் சொன்னதே பதிவாக வேண்டும். தனிப் பெயர் கொடுத்தால் போதாதா என்றும் கேட்கலாம். 1931 கணக்கெடுப்பில் பழங்குடிச் சமயத்துக்குத் தனித் தலைப்பு இருந்தது. ஜார்க்கண்ட் பழங்குடியினரின் சர்னா சமயத்துக்குத் தனிக் குறியீடு வேண்டும் என்று 2020-ல் அம்மாநிலச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. அது அம்மக்களின் நியாயமான கோரிக்கை. ஆனால் ஜவ்வாது மலைக்கு இன்னொரு பெயர்ப் பெட்டியைக் கொடுத்தாலும் கேள்வி தனி ஆளையே நோக்கியிருக்கும்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. சமயத்தை ஊரிடம் ஒப்படைத்தால், ஊரோடு ஒத்துப்போகாத பெண்ணும் வேறு நம்பிக்கைக்குப் போன இளைஞனும் என்ன ஆவார்கள்? அரசமைப்பின் 25ஆம் பிரிவு மனச்சான்றின் உரிமையைத் தனி மனிதருக்கே தருகிறது. அது சரி. ஊர்க்கட்டுப்பாட்டின் கொடுமையை அறிந்த யாரும் அந்த உரிமையை விட்டுத்தர மாட்டார்கள். ஆகவே ஆளாளாகச் சமயம் கேட்கும் அந்தக் கேள்வி படிவத்தில் நிற்கட்டும். ஆனால் ஊரையும் ஊராகக் கேட்க முடியும். ஒடிசாவின் நியமகிரியில் பாக்சைட் தோண்டும் வழக்கில், அங்குள்ள பழங்குடியினர் தங்கள் மலைத் தெய்வமான நியமராஜாவை வழிபடும் உரிமைக்குக் கேடு வருமா என்று கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது உச்ச நீதிமன்றம். அது 2013 ஏப்ரல். பன்னிரண்டு சபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றன. அங்கே தலைக்கணக்கு சொல்லாததை ஊர் கூடிச் சொன்னது. 2006 வன உரிமைச் சட்டமும் சமூக உரிமை என்று ஒன்றை ஏற்கிறது. கணக்கெடுப்பின் ஊர் விவரத் தொகுப்பில் பள்ளி, மருத்துவமனை, குடிநீர் எல்லாம் ஊர்வாரியாக ஏறுகின்றன. 2027 கணக்கெடுப்பில் ஜவ்வாது மலை ஊர்களின் பொதுக் கோயில், திருவிழா, சாமிக்கென்று விட்ட காடு ஆகியவற்றையும் கிராம சபையிடம் கேட்டு அந்தத் தொகுப்பில் சேர்க்கலாம்.